‘மஸ்ட் பி புட் ஆஃப்’: துணைவினையோடு வரும் ஆங்கிலச் செயப்பாட்டு வினையைத் தமிழ் வழியே பிடிப்பது எப்படி?

சிங்கப்பூரில் அறிவிப்புப் பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தால் இந்த அமைப்பு திரும்பத் திரும்பக் கண்ணில் படும். புளோக்கின் கீழே, ‘த லிஃப்ட் வில் பி ஷட் டவுன்’. கார் நிறுத்துமிடத்தில், ‘வெஹிக்கிள்ஸ் மே பி டோட் அவே’. கட்டுமானத் தளத்தின் வாசலில், ‘ஹெல்மெட்ஸ் மஸ்ட் நாட் பி டேக்கன் ஆஃப்’. நகர மன்றத்துக்குப் புகார் எழுதினால் வரும் பதிலில், ‘யோர் ஃபீட்பேக் வில் பி லுக்ட் இன்டு’.

படிக்கும்போது எல்லாம் புரிகிறது. நாமே சூப்பர்வைசருக்கு அறிக்கை எழுதும்போதுதான் ஏதோ ஒரு சொல் கீழே விழுந்துவிடுகிறது. சிலருக்கு ‘பி’ விழும். பலருக்குக் கடைசியில் நிற்கும் ‘ஆஃப்’, ‘இன்டு’, ‘வித்’ விழும். வேலையிடத்தில் ஆங்கிலத்தில் எழுதியாக வேண்டியவர்களுக்கும், பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) ஆங்கிலத் தாளின் ‘சிந்தசிஸ் அண்ட் டிரான்ஸ்ஃபர்மேஷன்’, அதாவது வாக்கியத்தை மாற்றி எழுதும் பகுதிக்குப் பிள்ளையோடு உட்கார்ந்து மாரடிக்கும் பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன். ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படியுங்கள், இந்தப் பாடத்தில் பாதி காதில்தான் இருக்கிறது.

படி 1: நான்கு துண்டுகள்

வாய்பாடு இதுதான்: துணைவினை + பி + வினையின் மூன்றாம் வடிவம் + ஒட்டு.

துணைவினை என்பது கேன், குட், மே, மைட், மஸ்ட், ஷுட், வில், வுட் வகையறா. அதன் பின்னால் வருவது ‘பி’ மட்டுமே. ‘இஸ்’ வராது, ‘ஆர்’ வராது. எழுவாய் ஒருமையா பன்மையா என்று பார்க்கவும் தேவையில்லை. ‘த ஃபார்ம் மஸ்ட் பி ஃபில்ட் இன்’, ‘த ஃபார்ம்ஸ் மஸ்ட் பி ஃபில்ட் இன்’: இரண்டிலும் அதே ‘பி’. ‘ஹேவ் டு’, ‘நீட் டு’ போன்றவற்றில் முன்பாதி ‘ஹேஸ் டு’, ‘நீட்ஸ் டு’ என்று மாறினாலும் ‘பி’ அசையாது.

மூன்றாம் வடிவம், அதாவது பள்ளியில் ‘வி3’ என்று படித்தது. டேக் என்றால் டேக்கன், த்ரோ என்றால் த்ரோன், ஹோல்ட் என்றால் ஹெல்ட். புட், செட், கட், ஷட் நான்கும் மூன்று வடிவத்திலும் மாறாதவை. ‘புட்டட்’, ‘கட்டட்’ என்று எழுதிவிடாதீர்கள்.

ஒட்டு என்று நான் சொல்வது வினைக்குப் பின்னால் வரும் ஆஃப், அவுட், அப், டவுன், ஆஃப்டர் போன்ற சின்னச் சொல்லை. பார்க்கச் சின்னது, ஆனால் பொருளையே அதுதான் முடிவுசெய்கிறது. புட் ஆஃப் என்றால் தள்ளிவை. புட் அவுட் என்றால் நெருப்பை அணை. புட் அவே என்றால் இருந்த இடத்தில் எடுத்து வை. ‘த ஃபயர் மஸ்ட் பி புட் அவுட்’ என்பதில் ‘அவுட்’டை விழுங்கிவிட்டால், தீயை அணைக்கச் சொன்னது போய் தீயைக் கொண்டுபோய் எங்கோ வைக்கச் சொன்னதாகிவிடும். தேசிய சேவை முடித்த தம்பிகளுக்கு இன்னொரு ஜோடி நன்றாகத் தெரியும்: பயிற்சி ‘மே பி கால்ட் ஆஃப்’ என்றால் ரத்தாகலாம், நீங்கள் ‘மே பி கால்ட் அப்’ என்றால் பையைக் கட்ட வேண்டியதுதான்.

படி 2: தமிழைக் கண்ணாடியில் பாருங்கள்

வாய்பாட்டை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நம் மொழியிலேயே அது இருக்கிறது, பின்னாலிருந்து முன்னாக. ‘கூட்டம் தள்ளி வைக்கப்பட வேண்டும்’ என்பதன் வினைப்பகுதியைத் துண்டு போடுங்கள்.

தள்ளி – வைக்க – பட – வேண்டும்
மஸ்ட் – பி – புட் – ஆஃப்

மேல் வரியை வலமிருந்து இடமாகப் படியுங்கள். வேண்டும் என்பது மஸ்ட். பட என்பது பி. வைக்க என்பது புட். தள்ளி என்பது ஆஃப். ஒன்றுகூட இடம் தவறவில்லை. இன்னும் நீட்டினாலும் இது தாங்குகிறது:

தள்ளி – வைக்க – பட்டு – இருக்க – வேண்டும்
ஷுட் – ஹேவ் – பீன் – புட் – ஆஃப்

தமிழில் முதன்மை வினைக்குப் பின்னால் துணைவினைகள் வரிசைகட்டும். ஆங்கிலத்தில் அவை முன்னால் வரிசைகட்டும். அவ்வளவுதான் வேறுபாடு. ‘திருப்பி அனுப்பப்படலாம்’ என்பதையும் இப்படிப் பிரித்துப் பாருங்கள்: லாம், பட, அனுப்ப, திருப்பி. ‘மே பி சென்ட் பேக்.’ ‘தூக்கி எறியப்படக் கூடாது’ என்றால் ‘மஸ்ட் நாட் பி த்ரோன் அவே’.

தமிழில் நாம் பேசும்போது ‘தள்ளி’யை விழுங்கிவிட்டு ‘கூட்டம் வைக்கப்பட வேண்டும்’ என்று சொல்வதே இல்லை. சொன்னால் பொருள் தலைகீழாகிவிடும் என்று நமக்குத் தெரியும். ‘ஆஃப்’பை விழுங்கும்போதும் அதே விபத்துதான் நடக்கிறது, ஆங்கிலத்தில் நம் காதுக்கு உறைப்பதில்லை.

இந்தக் கண்ணாடி எல்லா இடத்திலும் இவ்வளவு துல்லியமாகக் காட்டாது. ‘அணை’, ‘நிரப்பு’, ‘ரத்து செய்’ போல நம்மிடம் ஒட்டு இல்லாத வினைகள் நிறைய. அங்கே ஸ்விட்ச் ஆஃப், ஃபில் இன், கால் ஆஃப் என்ற ஜோடியை ஒரே சொல்லாக நினைத்து, ‘அணைக்க’ என்ற சொல் இருந்த இடத்தில் ‘ஸ்விட்ச்ட் ஆஃப்’பை அப்படியே இறக்குங்கள். ‘அணைக்கப்பட வேண்டும்’, ‘மஸ்ட் பி ஸ்விட்ச்ட் ஆஃப்’.

படி 3: எங்கே இது தேவை?

‘சரி, நான் பேசும்போது பட, படும் என்றெல்லாம் சொல்வதே இல்லையே’ என்று கேட்பீர்கள். நியாயம்தான். அறிவிப்புப் பலகைத் தமிழ் வேண்டுமானால் ‘படும், படும்’ என்று அடுக்கும். வீட்டில் நாம் ‘கூட்டத்தைத் தள்ளி வைக்கணும்’, ‘பம்பை ஆஃப் பண்ணணும்’ என்றுதான் சொல்வோம். யார் பண்ணணும் என்று சொல்லாமலே வாக்கியம் முடிந்துவிடும். ஆங்கிலத்தில் அப்படி எழுவாயை அந்தரத்தில் விட முடியாது. எனவே அவசரத்தில் பம்பையே எழுவாயாக்கி, ‘த பம்ப் மஸ்ட் ஸ்விட்ச் ஆஃப்’ என்று எழுதிவிடுகிறோம். பம்ப் தானாகவே அணைந்துகொள்ள வேண்டும் என்பது போல ஆகிவிடுகிறது.

எனவே உங்கள் தமிழ் வாக்கியத்தைப் பார்த்து ‘யார்?’ என்று ஒரு கேள்வி போடுங்கள். பதில் வாக்கியத்தில் இல்லை, ஐ உருபோடு ஒரு பொருள் இருக்கிறது, முடிவில் ணும், லாம், கூடாது, முடியாது என்று ஏதோ வருகிறது என்றால், அது செயப்பாட்டு வினைக்கு உரிய இடம். ஐ உருபு ஒட்டிய பொருளை முன்னால் கொண்டுபோய் எழுவாயாக்குங்கள், ‘பி’யை மறக்காதீர்கள்.

‘லைட் மஸ்ட் ஆஃப்’ என்று சிங்கிலீஷில் சொன்னால் காப்பிக்கடையில் யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை. அது அதற்குரிய இடத்தில் அழகான பேச்சு. அதேபோல மலாயிலிருந்து வந்த ‘கெனா’: ‘கார் கெனா டோட் அவே’ என்றால் நான்கு இனத்தாருக்கும் புரியும். ஆனால் கெனா பெரும்பாலும் கெட்டது நடந்தால்தான் வரும். ‘மே பி டோட் அவே’, ‘மே பி கால்ட் பேக் ஃபார் அ செகண்ட் இன்டர்வியூ’ என்று நல்லது கெட்டது இரண்டுக்கும் பொதுவாக நிற்பது ‘பி’. இந்த இரண்டுக்கும் நடுவில் பேச்சு வழக்காக ‘மே கெட் டோட் அவே’ என்பதும் உண்டு. நண்பருக்கு அனுப்பும் செய்தியில் தாராளமாக எழுதலாம்.

படி 4: எந்தத் துணைவினை?

இதில் பெரும்பாலும் குழப்பம் இல்லை. வேண்டும் என்றால் மஸ்ட் அல்லது ஹேஸ் டு. கொஞ்சம் தணிந்த அறிவுரையென்றால் ஷுட். முடியும் என்றால் கேன். முடியாது என்றால் கேனாட். ‘லாம்’ மட்டும் இரட்டை வேடம் போடும்: அனுமதி என்றால் கேன் அல்லது மே, நடக்கக்கூடும் என்றால் மே அல்லது மைட்.

உயிருக்கு ஆபத்தான குழப்பம் ஒன்று உண்டு. ‘கழற்றக் கூடாது’ என்பது ‘மஸ்ட் நாட் பி டேக்கன் ஆஃப்’. ‘கழற்றத் தேவையில்லை’ என்பது ‘டோன்ட் ஹேவ் டு பி டேக்கன் ஆஃப்’. உயரத்தில் வேலை செய்பவரின் பாதுகாப்பு வாரைப் பற்றி எழுதும்போது, முதலாவதற்குப் பதில் இரண்டாவதை எழுதினால், கழற்றினாலும் பரவாயில்லை என்று அர்த்தமாகிவிடும்.

படி 5: ‘மூடப்பட்டிருக்க வேண்டும்’ என்றால் மூடினார்களா, இல்லையா?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

கட்டடத்தின் பம்ப் அறையில் தண்ணீர் தேங்கிவிட்டது என்று வையுங்கள். அறிக்கை எழுதுபவர் மனதில், ‘ராத்திரியே வால்வு மூடப்பட்டிருக்க வேண்டும்’ என்று ஓடுகிறது. தமிழில் இந்த ஒரு வாக்கியத்துக்கு இரண்டு பொருள். ஒன்று: ‘மூடியிருப்பார்கள் போல.’ இது ஊகம். மற்றது: ‘மூடியிருக்கணும், ஆனா மூடலை.’ இது குற்றச்சாட்டு. எதிரில் நிற்பவருக்குக் குரலே சொல்லிவிடும். தாளில் குரல் இல்லை.

ஆங்கிலம் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துவிடுகிறது. ‘த வால்வ் மஸ்ட் ஹேவ் பீன் ஷட் ஆஃப்’ என்றால் மூடியிருப்பார்கள் என்ற ஊகம். ‘த வால்வ் ஷுட் ஹேவ் பீன் ஷட் ஆஃப்’ என்றால் மூட வேண்டியது கடமை, மூடவில்லை. வேண்டும் என்றாலே மஸ்ட் என்று பழகிய கை, இரண்டாவதைச் சொல்ல நினைத்து முதலாவதை எழுதும். விசாரணையில் அந்தத் தாள் வால்வு மூடியிருந்ததற்குச் சாட்சியாகிவிடும்.

சோதிப்பது எளிது. உங்கள் தமிழ் வாக்கியத்தின் முடிவில் ‘போல’ சேர்ந்தால் மஸ்ட் ஹேவ் பீன். ‘ஆனா செய்யலை’ சேர்ந்தால் ஷுட் ஹேவ் பீன்.

‘லாம்’ இங்கேயும் அதே விளையாட்டைக் காட்டும். ‘தீ அணைக்கப்பட்டிருக்கலாம்’ என்பதோடு ‘ஒருவேளை’ சேர்த்தால் ‘மே ஹேவ் பீன் புட் அவுட்’. அணைத்தார்களா என்று நமக்குத் தெரியாது. ‘ஆனா அணைக்கலை’ சேர்த்தால் ‘குட் ஹேவ் பீன் புட் அவுட்’. பக்கத்தில் தீயணைப்புக் கருவி இருந்திருந்தால் அணைத்திருக்க முடியும் என்ற ஆதங்கம் இது. ‘அணைக்கப்பட்டிருக்காது’ என்று மறுத்து ஊகித்தால், ‘கான்ட் ஹேவ் பீன் புட் அவுட்’. பிரிட்டிஷ் வழக்கில் மஸ்ட் நாட் அங்கே வராது.

படி 6: செயப்பாட்டுக்கு வராத வினைகள்

செயப்படுபொருள் இல்லாத வினையைச் செயப்பாட்டாக்க முடியாது. தமிழிலும் ‘வரப்பட வேண்டும்’ என்று சொல்ல மாட்டோம். லிஃப்ட் பழுதாகலாம் என்பதற்கு ‘த லிஃப்ட் மே பிரேக் டவுன்’ என்பதே சரி. ‘மே பி புரோக்கன் டவுன்’ என்று எழுதினால், கதவை உடைத்துத் தள்ளுவது மாதிரி யாரோ லிஃப்டை உடைக்கப் போகிறார்கள் என்று நினைக்க இடமாகும். பால் தீர்ந்துபோகலாம் என்றால் ‘த மில்க் மே ரன் அவுட்’. விருந்தாளி வந்து சேராமல் போகலாம் என்றால் ‘மே நாட் டர்ன் அப்’.

ஒரே ஜோடிக்கு இரண்டு முகமும் உண்டு. விமானம் ‘வில் டேக் ஆஃப்’. அது தானே கிளம்புகிறது. சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் ‘ஷூஸ் மஸ்ட் பி டேக்கன் ஆஃப்’. செருப்பு தானே கழலாது, யாராவது கழற்ற வேண்டும். அலாரத்துக்கோ இரண்டு வினைகள்: தானாக அடித்தால் ‘கோ ஆஃப்’, எதுவோ அதை அடிக்க வைத்தால் ‘செட் ஆஃப்’. எனவே ‘த அலாரம் மே கோ ஆஃப்’ சரி, ‘த அலாரம் மே பி செட் ஆஃப் பை ஸ்மோக்’ என்பதும் சரி. ‘மே பி கான் ஆஃப்’ என்று ஒன்று கிடையாது.

படி 7: கடைசியில் தொங்கும் வால்

லுக் ஆஃப்டர், டீல் வித், லுக் இன்டு போன்றவற்றில் ஒட்டுக்குப் பின் ஒரு பெயர்ச்சொல் வந்தே பழக்கம். செயப்பாட்டில் அந்தப் பெயர்ச்சொல் முன்னால் போய்விடுவதால் ‘வித்’ தனியாகத் தொங்குகிறது. நமக்குக் கை பரபரக்கும். ஒரு சாரார் அதை வெட்டிவிடுகிறார்கள்: ‘திஸ் மஸ்ட் பி டெல்ட்.’ இன்னொரு சாரார் துணைக்கு ஒரு ‘இட்’ சேர்க்கிறார்கள்: ‘திஸ் மஸ்ட் பி டெல்ட் வித் இட்.’ இரண்டும் தவறு. ‘திஸ் மஸ்ட் பி டெல்ட் வித்’ என்று வாலோடு நிறுத்துங்கள். அது முழு வாக்கியம்தான்.

யார் செய்தது என்று சொல்ல வேண்டியிருந்தால் வாலுக்குப் பின்னால் ‘பை’: ‘த சில்ட்ரன் கேன் பி லுக்ட் ஆஃப்டர் பை மை மதர்.’ ஆஃப்டர், பை இரண்டும் இடித்துக்கொண்டு நிற்பது விசித்திரமாகத் தெரிந்தாலும் அதுதான் சரி. மூன்று சொல் வினைக்கும் இதே விதி: ‘திஸ் நாய்ஸ் கேனாட் பி புட் அப் வித்.’ ‘ஓல்ட் ரூல்ஸ் ஷுட் பி டன் அவே வித்.’

இதில் ஒரு லாபமும் உண்டு. செய்வினையில் ‘டர்ன் த டிவி ஆஃப்’ என்று நடுவில் நுழைக்கலாமா, ‘டர்ன் ஆஃப் இட்’ ஏன் தவறு என்றெல்லாம் தலைவலி. செயப்பாட்டில் டிவி முன்னால் போய்விட்டதால் டர்ன்டும் ஆஃபும் சேர்ந்தே நிற்கும். பிரிக்க ஆளில்லை. ‘உடனே’, ‘சரியாக’ போன்ற சொல்லையும் அந்த நடுவில் திணிக்காதீர்கள்: ‘மஸ்ட் பி ஷட் ஆஃப் இமீடியட்லி.’

பிஎஸ்எல்இ மாணவர்களுக்கு: ‘சம்படி ஷுட் லுக் ஆஃப்டர் த ஓல்ட் மேன்’ என்பதை மாற்றச் சொன்னால் ‘த ஓல்ட் மேன் ஷுட் பி லுக்ட் ஆஃப்டர்.’ ‘பை சம்படி’ தேவையே இல்லை. ‘ஆஃப்டர்’ விட்டுப்போனால் கிழவரை யாரும் கவனிக்கவில்லை.

கேள்வி கேட்பது எளிது, துணைவினை மட்டும் எழுவாய்க்கு முன்னால் தாவும்: ‘கேன் த மீட்டிங் பி புட் ஆஃப்?’

படி 8: வாயில் வரும்போது

‘கால்ட் ஆஃப்’ என்பதை இரண்டு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னால் நடுவில் உள்ள ‘ட்’ மறைந்து ‘கால் ஆஃப்’ என்று கேட்கும். தமிழ்ப் புணர்ச்சி மாதிரி மெய்மேல் உயிரை ஏற்றுங்கள்: கால்டாஃப், புட்டாஃப், ஃபில்டின், டாப்டப். ‘பி’யை அழுத்தாமல் ஓட்டிவிடுங்கள். அழுத்தம் பெரும்பாலும் ஒட்டின் மேல் விழும்: புட் *ஆஃப்*, டாப்ட் *அப்*. லுக்ட் இன்டு, டெல்ட் வித் வகையில் மட்டும் வினையின் மேல்: *லுக்ட்* இன்டு, *டெல்ட்* வித்.

எழுத்தில் ஒரு சின்னக் கவனம். வினையாக வரும்போது நடுவில் இணைப்புக்கோடு கிடையாது. ‘யோர் கார்ட் மஸ்ட் பி டாப்ட் அப்.’ ‘அ டாப்-அப்’ என்று பெயர்ச்சொல்லாக வந்தால்தான் கோடு.

எங்கே வேண்டாம்?

பிள்ளையிடம் ‘த லைட் மஸ்ட் பி ஸ்விட்ச்ட் ஆஃப்’ என்று சொன்னால் வீடு அலுவலகமாகிவிடும். ‘ஸ்விட்ச் ஆஃப் த லைட்’ போதும். அறிக்கையிலும், யார் பொறுப்பு என்பது முக்கியமானால் ஆளைச் சொல்லிச் செய்வினையில் எழுதுவதே நேர்மை. ‘வில் பி லுக்ட் இன்டு’ என்று ஒரு பதில் வந்தால், அதில் யார் என்பதும் இல்லை, எப்போது என்பதும் இல்லை. பணிவாக, ‘ஹூ வில் லுக் இன்டு திஸ், அண்ட் பை வென்?’ என்று திருப்பிக் கேட்டு எழுதுங்கள். நாம் அப்படிப் பதில் எழுதும் இடத்தில் இருந்தால், ‘பை’ போட்டு ஆளையும் நாளையும் சேர்த்துவிடுவது நல்ல பழக்கம்.

ஃபிரேசல் வெர்ப் (இப்படி வினையும் ஒட்டும் சேர்ந்த ஜோடி) கொச்சை, அறிக்கைக்கு ஆகாது, புட் ஆஃபுக்குப் பதில் போஸ்ட்போன்தான் எழுத வேண்டும் என்பாரும் உண்டு. முறையான கடிதத்துக்கு அது பொருந்தும். பாதுகாப்பு அறிவிப்புக்கு எல்லாருக்கும் சட்டென்று புரியும் ‘புட் அவுட்’, ‘ஷட் ஆஃப்’ மேல் என்பது என் கட்சி.

ஒரு செய்தியைத் திருத்திப் பார்ப்போம்

சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் போகும் ஒரு செய்தி இப்படி இருக்கிறது என்று வையுங்கள்:

‘சார், பம்ப் மஸ்ட் ஆஃப் பிஃபோர் கிளீனிங். எஸ்டர்டே மஸ்ட் ஆஃப் பட் நாட் ஆஃப். லெவல் 3 ஏரியா மஸ்ட் காடன். வொர்க் கேன் புட் டுமாரோ? திஸ் பிராப்ளம் மஸ்ட் டீல் ஃபாஸ்ட்.’

முதல் வாக்கியம்: பம்பை அணைக்கணும். யார் என்று இல்லை. ‘த பம்ப் மஸ்ட் பி ஸ்விட்ச்ட் ஆஃப் பிஃபோர் கிளீனிங்.’

மூன்றாவது: அந்த இடத்தைத் தடுப்புக் கட்டி அடைக்கணும். ‘த லெவல் 3 ஏரியா மஸ்ட் பி காடன்ட் ஆஃப்.’

நான்காவது கேள்வி. ‘புட் டுமாரோ’வில் ஒட்டு இல்லை, பின்னால் ஒரு ‘டில்’ சேர வேண்டும். ‘கேன் த வொர்க் பி புட் ஆஃப் டில் டுமாரோ?’

ஐந்தாவது: ‘திஸ் பிராப்ளம் மஸ்ட் பி டெல்ட் வித் குயிக்லி.’ வித்துக்குப் பின் இட் இல்லை.

இரண்டாவதைக் கடைசிக்கு வைத்தேன். நேற்று அணைத்திருக்க வேண்டும். ‘போல’ சேருமா, ‘ஆனா அணைக்கலை’ சேருமா? செய்தியிலேயே ‘பட் நாட் ஆஃப்’ என்று இருக்கிறது. எனவே: ‘இட் ஷுட் ஹேவ் பீன் ஸ்விட்ச்ட் ஆஃப் எஸ்டர்டே, பட் இட் வாஸ் லெஃப்ட் ஆன்.’